தொட்டிக்குள் ஒரு பாய்மரம்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரம் என்பது வெகுகாலம் ஒரு சவுக்குக் கிளைதான். மணல் நிரப்பிய டின்னில் அதைக் குத்தி நிறுத்தி, ஜிகினாத் தாள் சுற்றித் தகரத்தை மறைத்து, மருந்துக்கடைப் பஞ்சைப் பிய்த்துப் போட்டால் திருநெல்வேலியில் பனி பெய்துவிடும். சில நாளில் பஞ்சு நிற்கும், சவுக்கு உதிரும். கேக் தட்டில், குடிலில், குழந்தை இயேசுவின் தலையில் என எங்கும் சவுக்கு. உயிரோடு இருக்கிற மரம்தான் வேண்டும் என்ற கட்சி எங்கள் வீட்டில் பிறந்ததற்குக் காரணம் பக்தியோ சுற்றுச்சூழலோ அல்ல. விளக்குமாறு அம்மாவின் கையில் இருந்தது.

ஃபிர், ஸ்ப்ரூஸ் எல்லாம் குளிர்நாட்டுப் பிரபுக்கள். நம் ஊர் ஏப்ரலை அவை தாங்காது. நர்சரியில் 'கிறிஸ்துமஸ் ட்ரீ' என்று தொட்டியோடு கொடுப்பது அரகேரியா. பசிபிக் தீவுகளின் மரம். 1774-ல் கேப்டன் குக் நியூ கலிடோனியா பக்கம் போனபோது, தூரத்தில் நெட்டுக்குத்தாக நின்ற இவற்றைப் பார்த்துவிட்டு, கப்பலிலிருந்த படிப்பாளிகள் கல்தூண் என்று சாதித்தார்களாம். மாலுமிகள் மரம் என்றார்கள். மாலுமிகளே ஜெயித்தார்கள். குக்கின் கண்ணுக்கு அது பாய்மரம். நம் கண்ணுக்கு, டி.வி. பக்கத்தில் வைக்க அடக்கமான செடி!

தேர்ந்தெடுக்கக் குடும்பத்தோடு போவது தவறு. அக்கா உயரம் பார்ப்பாள், அம்மா விலை பார்ப்பாள், மாமா மண்ணைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டார். பார்க்க வேண்டியது வேறு. அடுக்கடுக்காக விரியும் கிளைகளில் கீழ் அடுக்கு முழுசாக இருக்கிறதா? விழுந்த அடுக்கு மறுபடி முளைக்காது. உச்சி மொட்டு பத்திரமாக இருக்கிறதா? அது ஒடிந்தால் மரம் பழையபடி நேராக எழும்பும் என்று நம்பமுடியாது. ஒரே தொட்டியில் எத்தனை தண்டு? அடர்த்தி காட்ட மூன்று நான்கு கன்றுகளைச் சேர்த்து நட்டுவிடுவார்கள். பிறகு தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் அவற்றுக்குள் பங்காளிச் சண்டை.

“ஒண்ணு கேட்டா நாலு தாரேன். லாபந்தானே அண்ணாச்சி?” என்றார் நர்சரிக்காரர்.

இன்னொன்று உண்டு. பக்கக் கிளையை வெட்டி வேர்விட வைத்த கன்று நிமிரவே நிமிராது. ஆயுசு முழுக்கப் படுக்கைவாட்டில் கிளையாகவே வளரும். தான் மரம் என்பதே அதற்குத் தெரியாது. விதையிலோ உச்சித் தண்டிலோ வந்த கன்றுதான் தலை நிமிரும்.

வீட்டுக்கு வந்தபின் மரத்துக்கு முதல் எதிரி உறவினர்கள். பெரியப்பா கம்பிச் சட்டம் போட்ட பெரிய ஸ்டாரைக் கொண்டுவந்து, “இத உச்சியில கட்டுடே” என்பார். அந்த உச்சி பென்சில் கனம்கூட இருக்காது. ஸ்டார் வாசலுக்குப் போகட்டும். மரத்துக்குக் காகிதப் பூவும், சூடேறாத எல்.இ.டி. சரமும் போதும். அடுத்தது தண்ணீர். வீடு வீடாகப் பாடிக்கொண்டு கீத பவனியில் வருகிறவர்கள் குடித்து மிச்சம் வைத்ததை ஊற்றத் தொட்டியைப்போல வசதியான இடம் கிடையாது. சுக்குக் காபிகூடப் போயிருக்கிறது. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றவேண்டும். அடியில் நீர் தேங்கினால் வேர் அழுகும். மேலே மரம் பல நாள் பச்சையாகவே நின்று நம்மை ஏமாற்றும்.

ஹால் மூலையில் பத்துப் பதினைந்து நாள் இருக்கலாம், அதற்குமேல் வேண்டாம். வெளிச்சம் வரும் பக்கமாகச் சாயும் என்பதால் தொட்டியை அவ்வப்போது திருப்பவேண்டும். ஆனால் இந்த இனத்தில் குக் பைன் என்கிற வகைக்குச் சாய்வது பிறவிக் குணம். 2017-ல் வெளியான ஓர் ஆய்வில் ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்தார்கள். சராசரிச் சாய்வு எட்டரை டிகிரி. வட கோளத்தில் தெற்கே, தென் கோளத்தில் வடக்கே, அதாவது எங்கே நட்டாலும் பூமத்திய ரேகையைப் பார்த்தே சாய்கிறது. நாகர்கோவிலில் பிறந்து எங்கள் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட அத்தையும் இப்படித்தான், எந்தப் பேச்சை எடுத்தாலும் தெற்கே சாய்ந்துவிடுவாள். நல்லவேளை, பூமத்திய ரேகையை நெருங்க நெருங்கச் சாய்வு குறையுமாம். மரத்துக்கு மட்டும்.

பண்டிகை முடிந்ததும் மொட்டைமாடி வெயிலில் தூக்கி வைக்காதீர்கள், இலை கருகிவிடும். முதலில் நிழல், பிறகு காலை வெயில் என்று பழக்குங்கள். காம்பவுண்டு ஓரம் நட்டுவிடலாம் என்று மாமா சொல்வார். சொந்தத் தீவில் இது ஐம்பது மீட்டருக்கு மேல் போகிற மரம். மின்கம்பியும் பக்கத்து வீட்டாரும் இல்லாத இடம் இருந்தால் மட்டும் மாமா பேச்சைக் கேளுங்கள்.

வாங்குவதானால் டிசம்பர் 23-ம் தேதி மாலை ஓடாதீர்கள். ஜனவரியிலேயே போங்கள். கூட்டம் இருக்காது, பொறுமையாகப் பேரம் பேசலாம், அடுத்த கிறிஸ்துமஸுக்குள் அது உங்கள் வீட்டு வெயிலுக்கும் உங்கள் பெரியப்பாவுக்கும் பழகிவிடும்.