ரீ-இன்ஸ்டால் அண்ணன்

“அன்இன்ஸ்டால் பண்ணிட்டுத் திரும்பப் போடு தம்பி, எல்லாம் சரியாப் போயிரும்.” ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கெமிக்கல் இன்ஜினீயரிங் படிக்கும் பிள்ளைகளின் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் இந்த அண்ணனும் ஒரு தவிர்க்க முடியாத யூனிட் ஆபரேஷன். சிமுலேஷன் மென்பொருளின் ஃப்ளோஷீட்டில் ஒரு ஸ்ட்ரீம் சிவந்தால் போதும், ஆள் வந்துவிடுவார். எந்தக் கருவியில் என்ன கோளாறு என்று சொல்லும் எரர் மெசேஜ் திரையில் நிற்கும். மற்றவர்கள் இரண்டாவது சொல்லுக்குப் போவதற்குள் ‘ஓகே’வை அழுத்தி அதை மூடிவிடுவார். “அது சும்மா வரும்.” பிறகு சாவிக்கொத்தில் தொங்கும் பென் டிரைவ் வெளியே வரும். கண்ட்ரோல் பேனல், அன்இன்ஸ்டால், டெம்ப் ஃபோல்டர் துப்புரவு, ரீஸ்டார்ட், மறுபடி இன்ஸ்டால், மறுபடி ரீஸ்டார்ட். இந்த வரிசை மாறக் கூடாது. நடுவில் யாராவது அவசரப்பட்டு ‘நெக்ஸ்ட்’டை அழுத்திவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பச்சைப் பட்டை ஊர்ந்துகொண்டிருக்கும்போது மவுஸை யாரும் தொடவும் கூடாது. கடைசியில் அதே ஃபைலைத் திறப்பார். அதே ஸ்ட்ரீம் அதே இடத்தில் சிவந்திருக்கும். “ரிஜிஸ்ட்ரில மிச்சம் ஒட்டிக்கிட்டு இருக்கு” என்பார், விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடலாமா என்ற யோசனையோடு.

அண்ணன் மேல் உள்ள வழக்கு இதுதான்: கோளாறு இருப்பது ஃபைலுக்குள், அவர் கழற்றி மாட்டுவது மென்பொருளை. சாம்பாரில் உப்பு கூடிப்போனதற்கு அடுப்பை மாற்றுகிற வேலை. சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி வெளுக்கும் இடத்து பாய்லர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கேஜில் சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ. தெர்மாமீட்டரில் கிட்டத்தட்ட 170 டிகிரி. சிமுலேஷனில் அழுத்தம் 7 என்று போட்டால் நீராவி 164 டிகிரி என்று வருகிறது. ஆறு டிகிரி இடிக்கிறது, எனவே மென்பொருளில் பக் என்று தீர்ப்பாகிவிடுகிறது. ஆனால் கேஜ் காட்டுவது சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்துக்கு மேலே இருப்பதை மட்டும். மென்பொருள் கேட்பதோ மொத்த அழுத்தத்தை. விட்டுப்போன அந்த ஒரு கிலோவையும் சேர்த்து 8 என்று போட்டால் விடை 170-ஐ ஒட்டி வந்து நிற்கும். எத்தனை தடவை இன்ஸ்டால் செய்தாலும் ஃபைலில் உள்ள 7 தானாக 8 ஆகாது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவை விட்டுவிட்டு ப்ராஜெக்ட் செய்ய முடியாது. அதிலும் 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பிறகு கேட்கவே வேண்டாம். பாலைச் சுண்டவைக்கும் எவாப்பரேட்டரை வரையலாம் என்றால், காம்பொனென்ட் பட்டியலில் பால் கிடையாது. பாலில் ஏறக்குறைய 87 சதவீதம் தண்ணீர்தானே என்று வெறும் தண்ணீரை வைத்துத் தொடங்குகிறார்கள். பாதி ஆவியாக வேண்டும் என்பதற்காக 100 டிகிரி, 1 அட்மாஸ்ஃபியர் என்று இரண்டையும் கொடுத்தால், மென்பொருள் மொத்தமும் தண்ணீர் என்னும், அல்லது மொத்தமும் ஆவி என்னும். பாதி மட்டும் வராது. அண்ணனின் கை பென் டிரைவுக்குப் போகும். ஆனால் ஒரே பொருள் கொதிக்கும்போது அழுத்தத்தைச் சொன்னாலே வெப்பநிலை தானாக முடிவாகிவிடும் என்பது கிப்ஸ் விதி. இரண்டையும் சொன்னவர் புதிதாக எதையும் சொல்லவில்லை. எவ்வளவு ஆவியாக வேண்டும் என்பதைத்தான் சொல்லாமல் விட்டிருக்கிறார். அழுத்தத்தையும் ஆவி விகிதத்தையும் கொடுத்தால் கணக்கு முடிந்தது. எத்தனால்-தண்ணீர் கலவைக்கு ஏற்ற என்ஆர்டிஎல் மாடல் இருக்க பெங்-ராபின்சன் மாடலைத் தேர்ந்துவிட்டு, 95.6 சதவீதத்தில் வர வேண்டிய அஸியோட்ரோப்பைக் காணோம் என்று தேடுவதும் இதே ரகம்.

“அண்ணன் கை வெச்சதும் சில நேரம் சரியாகுதே?” என்பார்கள் அவருடைய தம்பிமார். ஆகத்தான் செய்கிறது, காரணம்தான் வேறு. ரீசைக்கிள் உள்ள ஃப்ளோஷீட்டில், திரும்பி வரும் ஸ்ட்ரீமின் அளவு முன்கூட்டித் தெரியாது. ஒரு உத்தேசத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றிக் கணக்குப் போட்டு, வைத்ததும் வந்ததும் ஒத்துப்போகும் வரை திருத்த வேண்டும். 1958-ல் வெக்ஸ்டைன் சொன்ன வழி இன்றும் இதற்குப் புழக்கத்தில் இருக்கிறது. உத்தேசம் கெட்டால் கணக்கு எங்கேயோ ஓடிவிடும். அண்ணன் எல்லாவற்றையும் மூடும்போது, சேமிக்காத அந்தக் கெட்ட எண்களும் போய்விடுகின்றன. முன்பு சேமித்த நல்ல நிலையிலிருந்து கணக்கு ஓடுகிறது. ஃபைலை மூடித் திறந்திருந்தாலே இது நடந்திருக்கும். ஆனால் பெயர் செட்அப்புக்குப் போகிறது, அடுத்த வருடத்துத் தம்பிகளுக்கும் அதே வைத்தியம் தொடர்கிறது.

மென்பொருளில் நிஜமாகவே பக் இருக்காதா என்று கேட்டால், இருக்கும். பிரேசில்காரரான டேனியல் வாக்னர் உருவாக்கிய டிடபிள்யூசிம், ஐஐடி பம்பாயின் ஃபாஸி திட்டம் கல்லூரிகளில் பரப்பிவரும் ஓபன் சோர்ஸ் மென்பொருள். அதன் பதிப்புகளிலும் பிழை திருத்தம் நடந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் அது உண்மையான பக் என்றால், பென் டிரைவில் உள்ள அதே செட்அப்பை மறுபடி போடும்போது அந்த பக்கும் சேர்ந்தேதான் இன்ஸ்டால் ஆகும். திறக்கவே மாட்டேன் என்கிற மென்பொருளுக்கு அண்ணன் வைத்தியம் சரி. திறந்து, ஓடி, இடக்கான விடை சொல்லும் மென்பொருளுக்கு முதல் சோதனை, அதே ஃபைலைப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது. அங்கேயும் சிவந்தால் இந்தக் கம்ப்யூட்டரை நோண்டிப் பயனில்லை. இவ்வளவு சொன்னாலும், ரிவியூவுக்கு முந்தின ராத்திரி கூப்பிட்டதும் லுங்கியோடு வந்து நிற்கிற மனிதர் அவர் ஒருவர்தான் என்பதை மறுக்க முடியாது. கைடு அந்நேரம் போன் எடுப்பதில்லை. அந்த நல்ல மனசு எரர் மெசேஜைப் படிக்கவும் கொஞ்சம் இடம் கொடுத்தால் என்ன என்பதுதான் ஆதங்கம். பக்கைக் கண்டுபிடித்ததாகவே வைத்துக்கொண்டாலும், அண்ணன் மென்பொருள்காரர்களுக்கு ஃபைலை அனுப்புவதில்லை. திரையைச் சாய்வாக ஒரு போட்டோ எடுத்து அனுப்புகிறார், அதில் எரர் மெசேஜ் இருக்கும் இடத்தில் அவருடைய கட்டைவிரல். எந்த வெர்ஷன் என்று அவர்கள் கேட்டால், பதில்: “லேட்டஸ்ட்.”