நிற்கிற காரின் மைலேஜ்

கார் வாங்கியவரிடம் நம் ஊரில் கேட்கிற முதல் கேள்வி, "எவ்ளோ குடுக்குது?" கறவை மாட்டை விசாரிக்கிற அதே தொனி. ஷோரூமில் சொல்கிற எண் பொய்யல்ல. புனே ஏ.ஆர்.ஏ.ஐ. மாதிரியான ஆய்வுக்கூடத்தில் உருளைமேல் காரை ஏற்றி, 90 கிலோமீட்டர் வேகம் வரை ஓட விட்டு எடுத்த அளவு அது. அந்த உருளைக்குக் குறுக்கே ஷேர் ஆட்டோ நிற்பதில்லை. ஜவுளிக்கடைப் பையோடு குடும்பம் கடப்பதில்லை. சென்னை குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் மாலை ஏழு மணிக்கு அந்த எண்ணைத் தேடிவிட்டு, கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது கணக்கு. இங்கே லிட்டர் தன்பாட்டுக்குச் செலவாகிறது, கிலோமீட்டர்தான் வரமாட்டேன் என்கிறது. சின்ன பெட்ரோல் கார் சும்மா உறுமிக்கொண்டிருந்தாலே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். ஆகவே சிக்கனத்தின் முதல் பாடம், சிக்னலில் எஞ்சினை அணைப்பது. மறுபடி ஸ்டார்ட் செய்ய அதைவிட அதிகம் செலவாகுமே என்பார்கள். அது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்றைய இன்ஜெக்ஷன் எஞ்சினில் சுமார் பத்து விநாடி உறுமலுக்கு ஆகிற பெட்ரோல்தான் போகும். செல்ஃப் மோட்டார் தேயும் என்பதில் கொஞ்சம் நியாயம் உண்டு. அதனால்தான் ஊர்ந்து நகரும் நெரிசலில் அணைக்கச் சொல்லவில்லை. டைமர் 60 காட்டும்போது சொல்கிறேன். அந்த 60-லும் பாதி கிளட்ச்சில் ஓர் அடி முன்னே நகர்ந்து, முன்வண்டியின் பம்பரை முகர்ந்து பார்க்கிறவர்களுக்கு எந்தப் பாடமும் ஏறாது. இறக்கத்தில் நியூட்ரல் போடுகிற சாமர்த்தியசாலிகளும் இருக்கிறார்கள். கியரிலேயே விட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் முழுக்க நிற்கும். நியூட்ரலில் எஞ்சின் குடித்துக்கொண்டே இறங்கும். மேம்பாலத்தை விட்டால் குரோம்பேட்டையில் இறக்கம் எங்கே இருக்கிறது என்பது வேறு விஷயம்.

ஏசியை அணைத்தாலும் மிச்சம்தான். மே மாதத்தில் இந்த யோசனையைச் சொல்பவரை யாரும் இரண்டாவது தடவை காரில் ஏற்றமாட்டார்கள். இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் ரயிலேறிவிடலாம். ரோட்டுக்குப் பக்கத்திலேயே 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. உட்கார இடம் கிடைக்காது, உண்மை. ஆனால் கிண்டிக்கு ஏறக்குறைய கால் மணி நேரம்தான். கால் வலிப்பதற்குள் இறங்கிவிடலாம். வயதான அம்மாவோடும் அரிசி மூட்டையோடும் போகிறவர்கள் தாராளமாகக் காரையே எடுக்கட்டும், டயரில் காற்றை மட்டும் பார்த்துவிட்டு. பங்க்கில் அது பெரும்பாலும் சும்மா கிடைக்கிறது. அதனாலேயோ என்னவோ, யாரும் கேட்பதில்லை.