வாடையும் வடையும்: கற்பிட்டிச் சைக்கிள் பயணத் திட்டமிடல் பற்றிய ஓர் ஆய்வு

கற்பிட்டிக் கடலோரச் சைக்கிள் பயணம் எனப்படுவது, புத்தளத்துக்குத் தெற்கேயுள்ள பாலாவிச் சந்தியில் புறப்பட்டு, நுரைச்சோலை, தலவில முதலிய ஊர்ப்பக்கங்களைக் கடந்து கற்பிட்டி நகரை அடைந்து, அதே வீதியால் பொழுது சாயுமுன் திரும்பி வருவதாகும். போக 40, வர 40 என ஏறத்தாழ 80 கிலோமீட்டர். மேற்கே கடலும் கிழக்கே புத்தளம் களப்பும் (களப்பு என்பது கடலோடு தொடுப்புள்ள, ஆழம் குறைந்த உவர்நீர்ப் பரப்பு) நெருக்குகிற ஒடுங்கிய குடாநாடு அது. ஆகவே சுற்றுவழி என்ற பேச்சுக்கே இடமில்லை. வீதி ஒன்றே ஒன்றாக இருந்தும், இதற்கான திட்டக் கூட்டங்கள் நாட்கணக்கில் நீள்வது எதனால் என்பதே இவ்வாய்வின் பொருள்.

முதலில் 'கடலோரம்' என்ற சொல்லை வரையறுத்தாக வேண்டும். இவ்வீதியில் செல்பவரின் கண்ணில் படுவது பெரும்பாலும் தென்னந்தோப்பும் மரக்கறித் தோட்டமும் கிடுகு வேலியுமே அன்றிக் கடலன்று. எனவே கடலைக் காணும் இடம் கடலோரம் என்று கொள்ளாமல், கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் எவரும் தயங்காமல் கைகாட்டும் இடமே கடலோரம் என்று கொள்வது பொருந்தும். கண்டே தீர வேண்டும் என்பவர் ஆலங்குடாப் பக்கம் மேற்கே திரும்பலாம், திரும்பினால் மணல். மெல்லிய டயர் மணலில் புதைந்ததும், சைக்கிள் ஆளைச் சுமப்பது நின்று ஆள் சைக்கிளை உருட்டுவது தொடங்கும். இதனைத் திட்டத்தில் 'கடற்கரைக் காட்சி, அரை மணி நேரம்' என்று எழுதுவது மரபு.

இத்துறையில் முன்னோர் நூல் எதுவுமில்லை. கற்பிட்டியிலேயே 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, 'சிலோன் கெசற்றியர்' என்னும் இடவிவர அகராதியை 1834இல் வெளியிட்டவர். ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் மிதிகட்டை இல்லாத இருசக்கர வண்டியை 1817இல் ஓட்டிக் காட்டியபோது காசிச்செட்டிக்குப் பத்து வயது, எனினும் அவ்வண்டி பற்றிய விசாரம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. ஒல்லாந்தர் கதை இன்னும் பரிதாபமானது. மேடு பள்ளமற்ற, காற்று ஓயாத தேசத்திலிருந்து புறப்பட்டு, மேடு பள்ளமற்ற, காற்று ஓயாத கற்பிட்டிக்கு வந்து, 1667 தொடங்கி 1676 வரை கோட்டை கட்டி, 1795இல் ஆங்கிலேயரிடம் அதை விட்டுச் சென்ற அவர்கள், சைக்கிளுக்கென்றே விரித்துவைத்தாற் போன்ற ஒரு நிலத்தைச் சைக்கிள் பிறக்குமுன்பே கைவிட்டார்கள்.

இனிக் காற்று. ஆய்வின் உயிர்நிலை இதுவே. வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து வீசுவது சோளகம். மார்கழி முதல் மாசி வரை வடகிழக்கிலிருந்து வீசுவது வாடை. பாலாவியிலிருந்து வீதி வடக்கு நோக்கிச் செல்வதால், சோளகக் காலத்தில் போகிறவரைக் காற்று முதுகில் தள்ளிக்கொண்டு போகும். இங்கே மனித இயல்பு பற்றிய ஒரு விதி வெளிப்படுகிறது: முன்னாலிருந்து அடிக்கும் காற்றைக் காற்று என்று உணர்கிறவர், பின்னாலிருந்து தள்ளும் காற்றைத் தம் காலின் பலம் என்றே எண்ணுகிறார். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவருக்குப் பின்னால் அதே வேகத்தில் காற்று வீசினால் காது மடலில் ஓர் அசைவும் இராது. அன்று நாள் முழுக்கக் காற்றே இல்லை என்று அவர் சத்தியம் செய்வார். ஆனால் கற்பிட்டியில் சைக்கிளைத் திருப்பியதும் அவர் மீது மோதுவது 40 கிலோமீட்டர் வேகக் காற்று. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கேற்ப வளர்வதால், அதே வேகத்தை அவர் விடாமல் பிடிக்க முயன்றால், காற்றில்லாத நாளைவிட நான்கு மடங்கு தடையைத் தாங்க வேண்டும். சோற்றுக்குப் பிறகு, உச்சி வெயிலில்.

இதை முன்கூட்டி அறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. நுரைச்சோலையில் 900 மெகாவாற் நிலக்கரி அனல்மின் நிலையத்தின் புகை எப்பக்கம் சாய்கிறது என்றோ, மாம்புரிப் பக்கத்துக் காற்றாலைகள் எத்திசை நோக்கி முகம் திருப்பி நிற்கின்றன என்றோ பார்த்தாலே போதும். எனினும் அவற்றின் முன்னே படம் எடுத்துக்கொள்பவர் தொகை அதிகம். திசை பார்ப்பவர் தொகை குறைவு. மாறாக, கரியரில் மீன்பெட்டியைப் பழைய டியூப் வாரால் இறுக்கிக் கட்டி, நெஞ்சு ஹாண்டிலில் படும்படி குனிந்து, வேலி மறைப்புள்ள ஓரத்தையே பிடித்துக்கொண்டு மிதித்துப் போகும் மீன் வியாபாரி, இவ்வாய்வின் முடிபுகளை என்றோ அறிந்தவர்.

அங்ஙனமாயின் கூட்டங்களில் என்னதான் பேசப்படுகிறது? வாடைக்கும் வடைக்கும் இடையில் ஒரு துணைக்கால்தான் வேறுபாடு. பேச்சு பெரும்பாலும் காலை எடுத்துவிட்டே நடைபெறுகிறது. எந்தக் கடையில் பிளேன்டீ, எங்கே மீன் ரொட்டி, இறாலுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டுமா என்பவை தீர்ந்தபின், நேரமிருந்தால், பம்ப் யாரிடம் உண்டு என்ற கேள்வி எழும். மார்ச்சிலும் ஓகஸ்டிலும் தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு வரும் பெருங்கூட்டத்தால் வீதி நிறைந்துவிடும் என்பதோ, வீதி நடுவே நிற்கும் கழுதை மணியடித்தால் விலகும் இனமன்று என்பதோ நிகழ்ச்சிநிரலில் இடம்பெறுவதில்லை. புத்தளம் என்பதைப் 'புது அளம்' எனப் பிரித்து, புதிய உப்பளம் என்று பொருள் சொல்வாருண்டு. சோளகத்தில் திரும்பி வந்தவர் சட்டை முதுகில் வெள்ளை வரி வரியாகக் காய்ந்திருப்பதைக் கண்டவர் அப்பொருளை எளிதில் மறுக்கமாட்டார்.

ஆகவே முடிபு: முதலில் எதிர்காற்று, பின்னர் பின்காற்று. வாடைக் காலத்தில் பாலாவியிலிருந்து தொடங்குக. சோளகத்தில்தான் போவோம் என்று பிடிவாதம் கொண்ட குழுவினர், முதல்நாள் இரவே சைக்கிள்களை வேனில் ஏற்றிக் கற்பிட்டிக்குப் போய்த் தங்கி, காற்று எழுமுன் விடியலில் தெற்கு நோக்கிப் புறப்படுவார்களாக. இறாலுக்கு அன்றிரவே சொல்லிவைக்கலாம்.