சேர்வராயன் மலையில் வீட்டுச் சார்ஜர்: தொண்ணூறுக்கும் நூறுக்கும் இடைப்பட்ட பத்து பற்றிய ஆய்வு

ஏற்காட்டு ஏரியைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி, கரடிக்குகை எதற்கும் குறை வைக்கவில்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பி பயிரிட வைத்த கதையைச் சொல்லாத சுற்றுலாக் கையேடு இல்லை. ஆனால் ஏற்காட்டு வீடுகளின் கீசர் பாயிண்ட்டைப் பற்றி முறையான ஆய்வு ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. மின்சாரக் கார்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் சத்தமில்லாமல் ஏறி வந்து அந்தப் பாயிண்ட்டைத் தேடத் தொடங்கிவிட்ட இக்காலத்தில் இது அறிவுலகுக்கு இழுக்கு. அதைப் போக்கவே இக்கட்டுரை. ஆய்வுக் களம்: சேர்வராயன் மலை. ஆய்வுக் காலம்: கரண்ட் இருந்த நேரமெல்லாம்.

வீட்டுச் சார்ஜர் குறித்து அறிஞர்கள் இரு பள்ளியினராகப் பிரிந்து நிற்கிறார்கள். முதலாவது பிளக்கியர். காரோடு வரும் ஒயரை 15 ஆம்பியர் பிளக்கில் செருகிவிட்டுப் படுத்துக்கொள்வது இவர்கள் கொள்கை. இரண்டாவது பெட்டியர். போர்டிகோ சுவரில் 7.2 கிலோவாட் பெட்டி ஒன்றை மாட்டி, அதில் நீல விளக்கு எரிந்தாலொழிய இவர்களுக்குத் தூக்கம் வராது. டியாகோ ஈவியின் 24 யூனிட் பேட்டரியை எடுத்துக்கொள்வோம். பிளக்கியருக்கு அது நிரம்ப எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெட்டியருக்கு நான்கு மணி நேரம் போதும். மிச்சமான நான்கு மணி நேரத்தில் பெட்டியர் என்ன செய்கிறார் என்று விசாரித்தேன். அவரும் தூங்கத்தான் செய்கிறார். ஏற்காட்டில் இரவு எட்டு மணிக்கு மேல் வேறென்ன வேலை?

சமையலறை ஜன்னல் வழியே எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்து மிக்சி பாயிண்ட்டில் செருகுகிற மூன்றாம் கூட்டம் ஒன்றும் உண்டு. பெரும்பாலும் விடுதிக்கு வந்த விருந்தினர்கள். இவர்களைப் பள்ளியினர் என்று வகைப்படுத்த இயலாது, பள்ளிக்கு வராதவர்கள்.

இனி கீசர் பாயிண்ட். குளிர் ஊர் என்பதால் அது இல்லாத வீடு இங்கே அபூர்வம். "கீசரே தாங்குதுங்க, கார் தாங்காதா?" என்பது பிளக்கியர் முன்வைக்கும் தலையாய வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கீசர் 2 கிலோவாட்டைப் பதினைந்து நிமிடம் இழுத்துவிட்டு ஓய்ந்துவிடும். கார் 3 கிலோவாட்டை விடிய விடிய இழுக்கும். இந்த வேறுபாட்டை அறிய கருவி எதுவும் வேண்டாம். சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து பிளக்கின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு இருந்தால் சரி. கையை இழுத்துக்கொண்டால் ஆய்வை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மீட்டர் பெட்டியிலிருந்து காருக்கென்றே தனி லைன், பளுவுக்குத் தகுந்த பருமனில் ஒயர், தனி எம்சிபி, 30 மில்லியாம்பியர் கசிவில் விழும் ஆர்சிசிபி: பிளக்கியர் ஆனாலும் பெட்டியர் ஆனாலும் இந்த நான்கிலிருந்து தப்ப முடியாது. பெட்டியர் கூடுதலாக மின்பளுவை உயர்த்தித் தரும்படி மின்வாரியத்துக்கு விண்ணப்பமும் எழுத வேண்டும்.

இனி வருவது இத்துறையின் வேதாந்தம். எர்த்.

"எர்த்தே முதல், எஞ்சியது பெட்டி" என்மனார் எலக்ட்ரீஷியன். மின்விசிறியும் டிவியும் எர்த் இல்லாமலே பல்லாண்டு வாழ்ந்துவிடும், கேள்வி கேட்காது. கார் அப்படியல்ல. அதன் ஒயர் நடுவே செங்கல் பருமனில் ஒரு பெட்டி தொங்குகிறதே, அது முதலில் எர்த்தைத்தான் சோதிக்கும். சரியில்லை என்றால் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளும். பல வீடுகளில் முப்பது வருடமாக எர்த் இல்லை என்ற உண்மை கார் வாங்கிய அன்று இரவில்தான் வெளிப்படுகிறது.

மலையில் இது இன்னும் சிக்கல். சேர்வராயன் மலை சார்னோகைட் பாறை. மேற்பரப்பில் ஆங்காங்கே பாக்சைட். இந்த பாக்சைட் ஒரு காலத்தில் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரி லாரியாகப் போயிற்று. கம்பி செய்ய மண் கொடுத்த மலை, அந்தக் கம்பிக்கு எர்த் போட மண் கொடுக்க யோசிக்கிறது. கடப்பாரை இரண்டடி இறங்கியதும் 'ணங்' என்ற ஒலி கேட்கும். "பாறைங்க சார்" என்பார் குழி தோண்டுபவர். உடனே சாய்வாக, பிறகு வேறிடத்தில், கடைசியில் சமையலறைத் தண்ணீர் போகும் வாழைமரத்தடியில் என்று குழி நகர்ந்துகொண்டே போகும். கரியும் கல்லுப்பும் மாறி மாறிப் போட்டு, குழாயை நட்டு, மேலே ஒரு புனலையும் வைத்தால் குழி தயார். மீட்டரில் 5 ஓமுக்குள் வந்தால் மகிழ்ச்சி. மழைக்காலத்தில் வந்த 5 ஓம் வெயில்காலத்தில் நிற்காது, மண் காய்ந்துவிடும். அப்போது ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் புனலில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தால் சிவப்பு விளக்கு பச்சையாகும். உலகிலேயே தண்ணீர் ஊற்றி ஓட்டப்படும் மின்சாரக் கார் இங்கேதான் இருக்கிறது என்று துணிந்து கூறலாம்.

இங்கே ஒரு பாடபேதத்தைக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. "எர்த் எதுக்குங்க? பிளக்குக்குள்ளயே நியூட்ரல்ல இருந்து ஒரு லூப் அடிச்சுட்டாப் போதும், கார் ஏமாந்துரும்" என்று சில கைதேர்ந்தவர்கள் சொல்வதுண்டு. கார் ஏமாறும் என்பது உண்மைதான். இது காப்பித் தோட்ட ஊர். மின்கம்பிக்குப் பக்கத்திலெல்லாம் மிளகுக்கொடி சுமந்த சில்வர் ஓக் நிற்கிறது. ஒரு காற்றில் கிளை முறிந்து நியூட்ரல் கம்பி மட்டும் அறுந்தால், லூப் வழியாக காரின் உடம்பு முழுவதும் கரண்ட் ஏறி நிற்கும். காலையில் கதவைத் திறக்கப் போகிறவர் ஏமாறமாட்டார். இதில் மட்டும் இந்த ஆய்வாளர் விளையாடவில்லை: யாராவது லூப் அடிக்கிறேன் என்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கட்டணம் பற்றிச் சுருக்கமாக. இரண்டு மாதக் கணக்கில் முதல் படி யூனிட்டுகள் இலவசம். மொத்தம் 500ஐத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விலையும் மாறிவிடும். மாதம் 1000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 300 யூனிட்டைக் காருக்குக் கொடுப்பார். ஆகவே பெட்ரோல் பங்க்கில் மிச்சமாவதில் ஒரு பங்கு ஈபி பில்லில் போகும். இருந்தும் லாபமே. இதற்கு மேல் கணக்குப் பார்ப்பவர்கள் நடந்து போகலாம்.

இப்போது ஆய்வின் மையக் கண்டுபிடிப்புக்கு வருகிறோம். சேர்வராயன் மலையில் இரண்டு சார்ஜர்கள் உள்ளன. ஒன்று சுவரில் இருக்கிறது. மற்றொன்று மலையே.

நிரூபணம். காரும் ஆட்களும் சேர்ந்து ஒன்றரை டன் என்று கொள்க. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1200 மீட்டர். அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் சுமார் 5 யூனிட் வேண்டும். 24 யூனிட் பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு. பெட்ரோல் கார் இதை ஏறும்போது செலவழித்து, இறங்கும்போது பிரேக் கருகும் வாசனையாகக் காற்றில் விடுகிறது. மின்சாரக் கார் இறங்கும்போது மோட்டாரே டைனமோவாக மாறி, வேகத்தையும் பிடித்து பேட்டரியையும் நிரப்புகிறது; இதற்குப் பெயர் ரீஜென். 1930களில் பைக்காராவில் தண்ணீரை மலையிலிருந்து இறக்கிக் கரண்ட் எடுத்தார்களே, அதே வித்தைதான். தண்ணீருக்குப் பதில் குடும்பம் இறங்குகிறது. உராய்வும் காற்றும் தம் கமிஷனை எடுத்துக்கொண்டது போக இரண்டு யூனிட் கைக்கு வந்தாலும் அது பேட்டரியில் கிட்டத்தட்ட பத்து சதவீதம்.

அந்தப் பத்து வந்து உட்கார இடம் வேண்டாமா? இங்கேதான் ஏற்காட்டுக்காரர் இடறுகிறார். இரவெல்லாம் சார்ஜ் போட்டு, காலையில் 100 என்று பார்த்துப் பூரித்து, அப்படியே சேலத்துக்கு இறங்குகிறார். நிறைந்த பேட்டரி எதையும் வாங்கிக்கொள்ளாது. ரீஜென் படுத்துவிடும், அல்லது பேருக்கு இயங்கும். ஏறும் கியரிலேயே இறங்கு என்பது மலை டிரைவர்களின் பழைய விதி. மின்சாரக் காரில் மாற்றுவதற்குக் கியர் கிடையாது. அந்த விதியின் வேலையைச் செய்வது ரீஜென்தான். அதுவும் இல்லையென்றால் முதல் சில வளைவுகள் முழுக்கக் கால் பிரேக்கின் பொறுப்பு. காசு கொடுத்து நிரப்பிய கடைசிப் பத்து சதவீதத்துக்குக் கிடைக்கும் பலன் இது.

எனவே ஏற்காட்டில் சார்ஜர் வாங்கப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை கிலோவாட் என்பதல்ல. 90ல் நிறுத்த முடியுமா என்பதுதான். பல கார்களில் அந்த வசதி உண்டு. இல்லாவிட்டால் டைமர் வைத்துச் சற்று முன்னதாக அணைத்துவிடலாம். அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்லும் கம்பெனிகளும் இருக்கின்றன. அவர்கள் சொல்வதையும் கேட்போம், மலையிறங்காத நாளில். அன்றைக்கு ஏரியைச் சுற்றி வந்தால் போதும்.

மறுப்பு ஒன்று வரலாம்: கொண்டப்பநாயக்கன்பட்டியில், அடிவாரத்தில் வீடு வைத்திருப்பவர் என்ன செய்வது? அவருக்கு முதலில் ஏற்றம், பிறகுதான் இறக்கம். அவர் தாராளமாக 100 வரை விடட்டும். மேலே போய்ச் சேர்ந்ததும் விடுதியில் சார்ஜ் போட நினைத்தால் மேனேஜரிடம் கேட்டுவிட்டுப் போடட்டும். கீசர் பாயிண்ட்டில் மட்டும் வேண்டாம்.