காற்றின் தயவு

கேள்வி: லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையம் எவ்வளவு தூரம்? பிரயாணம் எத்தனை மணி நேரம்?

பதில்: தூரம் சுமார் 5,540 கிலோமீட்டர், அதில் தகராறு இல்லை. நேரம் என்று வரும்போதுதான் வாயு பகவான் குறுக்கிடுகிறார். அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு மேலே, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகப் பிரசண்டமான காற்றோட்டம் ஒன்று வீசுவதால், நியூயார்க் போகிறவர் அதை எதிர்த்து ஏறக்குறைய எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க, திரும்புகிறவரோ அதன் தயவில் ஏழு மணி நேரத்தில் வந்து சேர்ந்துவிடுகிறார். 2020 பிப்ரவரியில், புயலின் சகாயத்தால், ஒரு விமானம் 4 மணி 56 நிமிஷத்தில் லண்டனைத் தொட்டுவிட்டது. (கட்டணத்தில் காற்று தள்ளுபடி தருவதில்லை.) 2003 வரை பறந்த கான்கார்டு விமானமோ இந்தத் தூரத்தை மூன்றரை மணி நேரத்தில் கடந்தது; லண்டனில் காலை பத்தரைக்கு ஏறியவர், நியூயார்க் கடிகாரம் ஐந்து மணி நேரம் பின்தங்கியதாகையால், அன்றே காலை ஒன்பதரைக்குள் இறங்கி இரண்டாவது தடவையாகக் காலைக் காப்பி சாப்பிட முடிந்தது. இவ்வளவும் ஆகாயக் கணக்கு. பாதுகாப்புச் சோதனைக்காக, இடுப்பு பெல்ட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும் காலத்தை எந்தக் கால அட்டவணையிலும் தேடாதீர்கள்.