பூட்டுக்குள்ள சரித்திரம்

வாடா பேராண்டி. எம்.ஏ. சரித்திரம் படிச்சவன் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில காண்ட்ராக்ட் வேலை பாக்குறது கௌரவக் குறைச்சல்னு உளவுத்துறை பரீட்சைக்கு மனு போட்டுட்டியாமே? உள்ள போயி பழைய கோப்புகளையெல்லாம் புரட்டி வரலாறு எழுதப் போறியாம். பேஷ்! நம்ம ஊரு குடிகாட்டுல பொறந்தவன் புஸ்தகம் எழுதுவான், குடிகாட்டுல ஒருத்தரும் படிக்கக் கூடாது. நம்ம வம்சத்துக்கு இந்தப் பெருமை ஒண்ணுதான் பாக்கி.

சிரிக்காதே. 2005-ல வந்த தகவல் உரிமைச் சட்டம் 24-ஆம் பிரிவைப் பாரு. ஊழல், மனித உரிமை மீறல்னு புகார் இருந்தாத்தான் ஐ.பி.கிட்டயும் ரா-கிட்டயும் வாய் தொறக்கலாம். ரேஷன் கடைக் கணக்கைக் கேக்கலாம், உன் புஸ்தகத்தைக் கேக்க முடியாது. நாளைக்குப் பொண்ணு வீட்டுல "மாப்பிள்ளை என்ன எழுதுறாரு?"ன்னு கேட்டா நானும் உன் பாட்டியும் மோட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்.

ஆனா உனக்கு முன்னாடியே ஒருத்தன் இருந்தான்டா. ஜேம்ஸ் கேம்ப்பெல் கெர், ஐ.சி.எஸ். துரை. உளவு இலாகா தலைவருக்கு உதவியாளா இருந்தவன். 1907-லேருந்து 1917 வரைக்கும் சர்க்காரை எதிர்த்தவங்க கதையைத் தொகுத்து, 1917-ல ரகசியமா அச்சுப் போட்டான். அதிகாரிங்க மேசைக்குன்னு எழுதினது, இன்னிக்கு விடுதலைப் போராட்டத்தை ஆராயறவங்களுக்கு ஆதாரம்.

பாரதி கதையும் அப்படித்தான். 1908-லேருந்து புதுச்சேரியில பத்து வருசம், வாசல்ல எந்நேரமும் ரகசியப் போலீசு. 1918 நவம்பர் 20, எல்லையைத் தாண்டினதும் பிடிச்சு நம்ம கடலூர் ஜெயில்ல போட்டாங்க. யார் வந்தா, யார் போனான்னு ஒற்றன் எழுதின காகிதம் இப்போ பாரதி வாழ்க்கையை எழுதறவனுக்குக் கைகொடுக்குது. சம்பளம் குடுத்தது வெள்ளைக்காரன், லாபம் பாரதிக்கு!

அமெரிக்காவுல என்.எஸ்.ஏ.ன்னு ஒட்டுக்கேக்கிற இலாகா. அதுலயே சம்பளம் வாங்கின சரித்திரக்காரர் ராபர்ட் ஹான்யாக். 1964 ஆகஸ்ட் 4-ஆம் தேதி டோன்கின் வளைகுடாவுல வியட்நாம்காரன் ரெண்டாந்தடவை தாக்கினான்னு சொல்லித்தானே அமெரிக்கா போருக்குள்ள முழுசா எறங்குச்சு? அப்படி ஒரு தாக்குதலே நடக்கல, நம்ம இலாகா ஆளுங்கதான் தகவலைத் திரிச்சாங்கன்னு இலாகாவோட ரகசியப் பத்திரிகையில 2001-ல எழுதினாரு. வெளியே விட 2005 கடைசி ஆச்சு. உண்மையை எழுதலாம்டா, அது வெளியே வரத்தான் நாளாவும்.

நடந்ததை நடந்தபடி எழுதற இந்த வித்தையைக் கத்துக்க டில்லி எதுக்கு? 2004 வாக்குல நம்ம சிப்காட் ஓர ஊர்க்காரங்க ஆலை நாத்தம் தாங்காம என்ன பண்ணாங்க? பிண நாத்தமா, நகச்சாய வாடையா, எந்தத் தேதி, எத்தனை மணி, காத்து எந்தப் பக்கம்னு குறிச்சு வச்சாங்க. பக்கெட்டுல காத்தைப் பிடிச்சு பரிசோதனைக்கு அனுப்பினாங்க. மூக்குதான் ஒற்றன், நோட்டுதான் ஆவணக் காப்பகம். யார் வேணா படிக்கலாம், அதான் வித்தியாசம்.

போறதுன்னா போ. முடிவை முதல்ல சொல்லிட்டு ஆதாரத்தை அப்புறம் தேடச் சொல்ற அதிகாரி வாய்ச்சா, வயித்துவலின்னு லீவு போடு. நடந்ததைத் தேதியோட எழுது. திட்டுற அதிகாரி ரிட்டயர் ஆயிடுவான், காகிதம் ஆவாது.

பரீட்சை பீசு கட்டியாச்சா? இல்லேன்னா பாட்டியைக் கேளு. என் மடியில இருக்கிற பணம் 24-ஆம் பிரிவுல வருது.