பாட்டன் வேட்டைக்காரர்

காலை எட்டு மணிக்குக் கதவைத் தட்டி, வாயெல்லாம் பல்லாக நின்று, "ராபர்ட் செத்துட்டான்!" என்று சொல்லும் ஆளை உங்களுக்கும் தெரிந்திருக்கும். பதறிப்போய் "ஐயோ, எப்போ?" என்று கேட்டால், "1793, மார்ச் மாசம்" என்பார். நாம் அழைப்பதற்குள் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டு, "ஒன்பது வருஷமா சாகாமத் திரிஞ்சிட்டிருந்தான். நேத்து ராத்திரிதான் புதைச்சேன்" என்று நிம்மதிப் பெருமூச்சு விடுவார். துக்கம் விசாரிப்பதா, வாழ்த்துச் சொல்வதா என்று தெரியாமல் நாம் தேநீர் போடப் போவோம்.

வட இங்கிலாந்தில், அதிலும் யார்க்ஷயரின் மேற்குப் பள்ளத்தாக்குகளில், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் தோட்டம் போடுவார்கள், புறா வளர்ப்பார்கள், இல்லையென்றால் பாட்டன் வேட்டைக்குக் கிளம்புவார்கள். நான் பொதுவாகத்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவரை மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. அவர் தபால்காரராக இருந்தவர் என்பதும், இடது முழங்காலில் வலி இருப்பதால் கார் ஓட்டுவதில்லை என்பதும், என்னிடம் கார் இருக்கிறது என்பதும் இந்தக் கட்டுரைக்குச் சம்பந்தமில்லாதவை.

இந்த வகையினரிடம் பல பழக்கங்கள் உண்டு. ஆவணக் காப்பகங்களில் பேனா கூடாது, பென்சில் மட்டும்தான் என்பதால், கல்யாண வீட்டுக்குக்கூடக் காதில் பென்சிலோடுதான் வருவார்கள். 1752 வரைக்கும் இங்கிலாந்தில் வருஷம் மார்ச் 25-இல்தான் பிறந்தது என்பதை, கேட்காதவர்களிடமும் சொல்வார்கள். 1841 மக்கள்தொகைக் கணக்கில் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொன்னவர்களைச் சபிப்பார்கள். எல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை.

பொறுக்க முடியாதது, முன்னோருக்குக் கெட்டது நடந்தால் வருகிற அந்தச் சந்தோஷம்.

முதலில் எனக்கும் புரியவில்லை. ஒருநாள் துள்ளிக்கொண்டு வந்தார், முழங்கால் வலியோடு. "ஹன்னாவைக் கர்ப்பமா இருக்கும்போது ஊரைவிட்டுத் துரத்தியிருக்காங்க!" அவருடைய பாட்டிக்குப் பாட்டிக்குப் பாட்டி. நம் ஊரில் இப்படி ஒரு சங்கதி வம்சத்தில் இருந்தால் நாலு தலைமுறைக்கு வாயே திறக்க மாட்டோம். இவர் அந்த உத்தரவின் நகலைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். நம் வீட்டுக் கூடத்தில் தாத்தா பாட்டி படம் சந்தன மாலையோடு தொங்குமே, அந்த இடத்தில்.

பிறகுதான் அவர் கணக்கு விளங்கியது. ஒழுக்கமாக வாழ்ந்தவனுக்கு இங்கே மூன்று வரிதான். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம். 1538-இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு பங்குக் கோயிலும் இந்த மூன்றுக்கும் பதிவேடு வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். எழுபது வருஷம் தறியில் உட்கார்ந்து, கடன் வாங்காமல், வம்புக்குப் போகாமல் கண்ணை மூடினவனுக்கு அந்த மூன்று வரிக்கு மேல் ஓர் எழுத்துக்கூடக் கிடையாது. ஆனால் சோற்றுக்கு வழியில்லாமல் போனானா, காகிதம் குவிய ஆரம்பித்துவிடும்.

காரணம் கருமித்தனம். ஒவ்வொரு பங்கும் தன் ஏழைகளுக்கு மட்டும்தான் கஞ்சி ஊற்றும். அடுத்த ஊர் ஏழையை அடுத்த ஊர் பார்த்துக்கொள்ள வேண்டும். யார் எந்த ஊர் ஏழை என்பதைத் தீர்மானிக்கத்தான் 1662-இல் ஒரு சட்டம் வந்தது. ஓர் ஊரில் வந்து குடியேறினவன் அங்கே உரிமை கொண்டாட வேண்டுமானால், ஆண்டுக்குப் பத்து பவுண்டு வாடகைக்கு இடம் பிடித்திருக்க வேண்டும். பின்னால் வந்த சட்டங்களின்படி, தொழில் பழகியிருந்தாலோ ஒரு முழு வருஷம் கூலிக்கு இருந்திருந்தாலோ போதும். ஒன்றும் இல்லையென்றால் நீதிபதிகள் முன்னால் நிறுத்துவார்கள். எங்கே பிறந்தாய், அப்பன் யார், யாரிடம் வேலை செய்தாய், என்ன கூலி, எப்போது கல்யாணம், எத்தனை பிள்ளை என்று ஒன்றுவிடாமல் கேட்டு, எழுதி, கீழே அவன் கையால் ஒரு பெருக்கல் குறி போட வைத்து, ஊருக்குத் திருப்பி அனுப்புவார்கள். கல்யாணமாகாத கர்ப்பிணி என்றால் இன்னும் அவசரம். பிள்ளை எந்த ஊரில் பிறக்கிறதோ அந்த ஊர்க் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் வலி எடுக்கும் முன்பே எல்லை தாண்டி விட்டுவிடப் பார்ப்பார்கள். எந்தப் பேரனும் தாத்தாவிடம் அத்தனை கேள்வி கேட்டிருக்க மாட்டான்.

ஆகவே நம்மவர் தினமும் வேண்டிக்கொள்வதெல்லாம், தன் முன்னோர் நாசமாய்ப் போயிருக்க வேண்டும் என்றுதான். யாராவது ஏழை விடுதியில் சேர்ந்தது தெரிந்தால் அன்று வீட்டில் கேக் உண்டு. சந்தையில் சண்டை போட்டு நீதிமன்றம் போனவன் என்றால் இரண்டு துண்டு. இவருடைய கூட்டாளி ஒருவருக்கு இன்னும் பெரிய யோகம். ஆடு திருடி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட ஒரு கொள்ளுத்தாத்தா கிடைத்துவிட்டார். கைதிப் பட்டியலில் உயரம், கண் நிறம், கன்னத்து மச்சம் வரை எழுதி வைத்திருக்கிறார்கள். நம்மவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. "எங்க ஆளுங்க ஒரு கோழியைக்கூடத் திருடலையே" என்றார். எனக்குச் சமாதானம் சொல்லத் தெரியவில்லை. "தேடிப் பாருங்க, திருடியிருப்பாங்க" என்றேன். கண் கலங்கக் கையைப் பிடித்துக்கொண்டார்.

செத்த மனிதர்களுக்கு வராத கண்ணீர் காகிதத்துக்கு வரும். இங்கிலாந்தின் 1931 மக்கள்தொகைக் கணக்கு முழுவதும் 1942 டிசம்பரில் ஹேய்ஸ் என்ற ஊரில் தீப்பிடித்து எரிந்துபோனது. குண்டு விழுந்துகூட அல்ல, சும்மா ஒரு தீ விபத்து. அதைச் சொல்லும்போது மட்டும் தொப்பியைக் கழற்றுவார்.

ஆத்திரமும் உண்டு. அது ஒரே ஒரு பாதிரியார் மேல், அவருடைய ஊரின் பழைய பாதிரியார் மேல். 1770-களில் யார்க் நகரத்தில் வில்லியம் டேட் என்று ஒரு பாதிரியார் இருந்தார். பிள்ளையின் பேரும் அப்பன் பேரும் எழுதினால் போதாது. எத்தனையாவது பிள்ளை, அப்பனுக்கு என்ன தொழில், எங்கே வீடு, இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி யார் என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்று ஒரு முறை வகுத்தார். 1777-இல் யார்க் பேராயரும் அதைப் பரிந்துரைத்தார். சில கோயில்களில் பின்பற்றினார்கள். ஜனம் நிறைந்த தொழில் ஊர்களில் பல பாதிரியார்கள், இத்தனை எழுதினால் சாப்பிட நேரம் ஏது என்று கைவிரித்துவிட்டார்கள். நம்மவர் ஊர்ப் பாதிரியாரும் அந்த ரகம். இருநூறு வருஷத்துக்கு முன்னால் மண்ணுக்குள் போன மனிதரை இவர் இன்றைக்கும் பெயர் சொல்லாமல் "அந்தச் சோம்பேறி" என்றுதான் குறிப்பிடுவார். என் மனைவி முதலில் எங்கள் வீட்டுக்குக் குழாய் சரிசெய்ய வருபவரைச் சொல்கிறார் என்று நினைத்தாள்.

இனி ஞாயிற்றுக்கிழமைகள். ஹெப்டன்ஸ்டால் என்று குன்றின்மேல் ஓர் ஊர். ஒரே கல்லறை வளாகத்தில் இரண்டு தேவாலயங்கள். 1847-இல் புயல் அடித்துச் சிதைத்த பழையது கூரையில்லாமல் நிற்கிறது. 1854-இல் கட்டி முடித்த புதியது பக்கத்தில் இருக்கிறது. நடுவில் கல்லறைக் கற்களைத் தரை பாவினதுபோல் படுக்கவைத்திருக்கிறார்கள். மழையில்லாத நாளில் நான் அதைப் பார்த்ததில்லை. தேய்ந்த எழுத்தின்மேல் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால் நிழல் விழுந்து படிக்க வரும். அதனால் என் ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் குடை. குடை எனக்கில்லை, கல்லுக்கு. போன மாதம் இரண்டு இளம்பெண்கள் வந்து சில்வியா பிளாத்தின் சமாதி எங்கே என்று கேட்டார்கள். அந்தக் கவிஞர் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். "எந்த வருஷம்?" என்றார் நம்மவர். "1963." "அது நேத்துச் செத்தவங்க. எனக்குத் தெரியாது" என்று திரும்பிக் குனிந்துகொண்டார்.

பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒரு மனிதனுக்கு 1,024 பாட்டன் பாட்டிகள். இவர் பிடித்து வைத்திருப்பது நூறுகூட இருக்காது. மிச்சப் பேருக்கு என் ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் மலைபோல் நம்பியிருக்கிறார். பெட்ரோல் போட்டது ஒரே ஒரு தடவை. அதற்கும் ரசீது வாங்கிப் பத்திரப்படுத்திக்கொண்டார், பின்னால் வரும் சந்ததிக்கு உதவுமாம்.

இது வரைக்கும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். ஒன்றை மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. என் அப்பா ஊரில் காலமான செய்தி வந்த அன்று இவர் வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார், தோளில் கை வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க ஊர் இறப்புச் சான்றிதழ்ல அவரோட அப்பா அம்மா பேர் இருக்குமா?" என்று கேட்டார். இருக்கும் என்றேன். "எங்க சான்றிதழ்ல அது கிடையாது. கொடுத்து வெச்சவங்க நீங்க" என்றார். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆனாலும் மறுவாரம் வண்டி எடுத்தேன். ஏன் என்று மனைவி கேட்டாள். மேரியைக் காரணமாகச் சொன்னேன்.

மேரி மூன்று நாள் குழந்தை. 1739-இல் ஒரு ஞாயிறு ஞானஸ்நானம், அந்தப் புதன்கிழமை அடக்கம். பதிவேட்டில் இரண்டு வரி, அதிலும் ஒன்றில் மை ஊறிப்போயிருந்தது. அந்தப் பக்கங்களில் அது ஒன்றும் அதிசயமில்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஹாவொர்த்தில், நூறு வருஷம் கழித்து 1850-இல் ஓர் அரசு அதிகாரி கணக்கெடுத்தபோதுகூட, நூற்றுக்கு 41 பிள்ளைகளுக்குமேல் ஆறு வயதைத் தொடாமலே செத்துப்போயிருந்தார்கள். நம்மவர் சாவுக்குச் சந்தோஷப்படுகிறவர்தானே, மேரிக்கும் குதிப்பார் என்று பார்த்தேன். குதிக்கவில்லை. திரும்பி வரும்போது காரில் வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு கண்ணாடியைப் பார்த்து, "மேரி" என்று சத்தமாகச் சொன்னார். "அவ அம்மாவுக்கு அப்புறம் யாரும் கூப்பிட்டிருக்க மாட்டாங்க" என்றார். அன்றைக்கு நான் தேநீர் போட்டபோது சர்க்கரை கூடுதலாகவே போட்டேன்.

எங்கள் வீட்டில் அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது மூன்று தலைமுறைப் பெயர் சொன்னால் போதும். நாலாவது ஆளின் பெயர் எனக்கு நிஜமாகவே தெரியாது. அப்படிப்பட்ட நான் இவருடைய வம்சத்தில் ஒன்பது தலைமுறையை மனப்பாடமாக ஒப்பிப்பேன். 1660-களில் அடுப்பு வரி கட்டியவன், அதிலும் இரண்டு அடுப்புக்கு. ஏதோ அரண்மனை மாதிரி சொல்வார். மூன்று கல்யாணம் செய்தவன். கிரேஸ் என்ற பேரில் அடுத்தடுத்து மூன்று பாட்டிகள். எல்லாரும் ஜான் என்ற ஒரு கண்ணியில் வந்து சேர்வார்கள். ஜான், மேரியின் தம்பி, 1741-இல் ஞானஸ்நானம். அவன் வழியாகத்தான் நம்மவர்.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குக் கதவு தட்டியது. வாயெல்லாம் பல்.

"ஜான் செத்துட்டான்!"

"அதான் தெரியுமே. 1809" என்றேன் நான், கொட்டாவியோடு.

"இல்லை! ஆறு வாரத்துலயே செத்துட்டான்!"

கதை இதுதான். அந்தப் பள்ளத்தாக்கில் ஒரே பெயரில், ஒரே குடும்பப் பெயரில், இரண்டு ஜான்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன், இரண்டு வருஷ வித்தியாசம். நம்மவர் மூத்தவனைத் தன் பாட்டனாக வரித்துக்கொண்டார். அவன் குழந்தையாகவே பக்கத்து ஊரில் புதைக்கப்பட்டிருக்கிறான். அங்கே பதிவேட்டில் அந்தத் தாள் கரையான் தின்றதுபோல் கிடந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. 1598 முதல் ஒவ்வொரு கோயிலும் வருஷத்துக்கு ஒருமுறை பதிவேட்டைப் பிரதி எடுத்துப் பேராயர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு விதி. அந்தப் பிரதி யார்க் நகரத்து ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருந்திருக்கிறது.

"அப்போ மேலே இருக்கிற அத்தனை தலைமுறையும்?"

"போச்சு! எல்லாம் வேற யாரோட ஆளுங்களோ!" என்றார், லாட்டரி விழுந்தவர்போல. "ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஜான்தான் நம்ம ஆள். முதல்லேயிருந்து ஆரம்பிக்கணும். ஞாயித்துக்கிழமை உங்களுக்கு வேலை ஒண்ணும் இல்லையே?"

எனக்கு அடிவயிற்றில் என்னவோ செய்தது. இரண்டு அடுப்புக்காரன், மூன்று கல்யாணக்காரன், கிரேஸ் பாட்டிகள் மூவரும் வாசலோடு இறங்கிப் போவதுபோல் இருந்தது. மூன்று வருஷப் பழக்கம்.

"அப்படின்னா மேரி?" என்றேன்.

காதிலிருந்து பென்சிலை எடுத்து முனையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"எந்த மேரி?"